நால்வர் பிரிந்தால் ஐந்தாமவருக்கு ஏன் வலிக்கிறது?

ஓர் இசைக்குழு கலையும்போது வரும் அறிக்கை பெரும்பாலும் நாலைந்து வரிதான் இருக்கும். பரஸ்பர மரியாதை, புதிய பயணம், இத்தனை ஆண்டு உடனிருந்த ரசிகர்களுக்கு நன்றி. கீழே யாருடைய கையெழுத்தும் இருக்காது, குழுவின் பெயர் மட்டும் இருக்கும். நானும் ஒருமுறை அப்படியொரு அறிக்கையைப் போனில் படித்திருக்கிறேன். எந்தக் குழு என்பது வேண்டாம், சொன்னால் "அதுக்கா இவ்வளவு?" என்பீர்கள். படித்து முடித்ததும் நான் பாட்டைப் போடவில்லை. பழைய குழுப் படங்களைத் திறந்து, யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். கடைசி இரண்டு வருடப் படங்கள் எல்லாவற்றிலும் பாடகருக்கும் கித்தார்காரருக்கும் நடுவே டிரம்ஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். இதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று ஒரு குற்றவுணர்ச்சி. என்னவோ நான் கவனித்திருந்தால் தடுத்திருக்க முடியும் என்பதுபோல.

யோசித்தால் விநோதம்தான். பாட்டுகள் எங்கும் போய்விடவில்லை. யாரும் சாகவுமில்லை. நால்வரில் இரண்டு பேராவது சீக்கிரமே தனி ஆல்பம் போடுவார்கள், நாமும் கேட்போம். வெறும் கணக்காகப் பார்த்தால் ரசிகருக்கு லாபம்கூட வரலாம். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழு உடைந்த செய்தி வெளியான 1970ஆம் ஆண்டிலேயே நால்வரும் தனித்தனியே ஆல்பம் வெளியிட்டார்கள். அதில் ஜார்ஜ் ஹாரிசனுடையது மூன்று இசைத்தட்டு கொண்ட பெட்டி. குழுவுக்குள் இடம் கிடைக்காமல் அவர் வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த பாட்டுகள் பலவும் அதில் வந்தன. அப்படியும் ரசிகர்களுக்கு மனசு ஆறவில்லை. ஆறாததற்கு என்ன காரணம்?

டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956இல் தொலைக்காட்சி பார்ப்பவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். திரையில் தோன்றுபவரைத் தன் நெருங்கிய நண்பராகவே பார்வையாளர் உணர்கிறார், அந்த நண்பருக்கோ இவர் இருப்பதே தெரியாது என்பதுதான் அதன் சாரம். ரசிகர் மனம் பற்றி இன்று யார் எழுதினாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒருதலை அன்புக்குத் தமிழில் கைக்கிளை என்று பழைய பெயரே உண்டு. ஆனால் இசைக்குழு ரசிகரின் அன்பு இந்த இரண்டுக்குள்ளும் முழுதாக அடங்குவதில்லை. தனிப் பாடகரை நேசிப்பவர் ஓர் ஆளை நேசிக்கிறார். குழுவை நேசிப்பவர் ஆட்களுக்கு நடுவே இருக்கும் ஒன்றை நேசிக்கிறார். பாடகரின் வரி முடியும் இடத்தில் கித்தார் நுழைவது, டிரம்ஸ் அரை நொடி தாமதித்து வருவதை பேஸ் கித்தார் தாங்கிப் பிடிப்பது, பேட்டியில் ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை மற்றவர் முடிப்பது. அந்த நடுவில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு நாமும் உட்கார்ந்திருப்போம். குழு உடையும்போது ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள். உடைவது அந்த நடுவிடம் ஒன்றுதான். அதனால்தான் நாலு தனி ஆல்பங்களைக் கூட்டினாலும் பழைய ஒன்று வருவதில்லை.

அந்த நடுவிடத்தைக் காதால் கேட்கவே முடியும். பீட்டில்ஸ் கடைசியாகச் சேர்ந்து பதிவுசெய்த ஆல்பத்தின் முடிவுப் பகுதியில் முதலில் ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் வரும். அந்தக் குழுவில் அவர் வாசித்த ஒரே தனி அதுதான். பிறகு மூன்று கித்தார்கள் முறை வைத்துப் பேசும்: பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ஜான் லெனன். ஆளுக்குச் சில நொடிகள். மறுபடி பால், ஜார்ஜ், ஜான். மூன்று சுற்று. முதல் ஆள் விட்ட இடத்தை அடுத்தவர் எடுத்து, கொஞ்சம் முரட்டுத்தனமாக்கி, மூன்றாமவரிடம் தள்ளிவிடுவார். தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டினால், சிரித்துக்கொண்டே வாசிக்கிறார்கள் என்றுதான் சொல்வார். இந்த ஆல்பம் கடைக்கு வந்தது 1969 செப்டம்பர் 26. குழுவை விட்டுப் போகிறேன் என்று ஜான் லெனன் மற்றவர்களிடம் சொன்னது செப்டம்பர் 20.

இந்த ஆறு நாள் இடைவெளி எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. இசைத்தட்டு நிறுவனத்தோடான பேச்சுவார்த்தை பாதிக்கப்படக் கூடாது என்று செய்தியை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். 1970 ஏப்ரல் 10 அன்றுதான், பால் மெக்கார்ட்னி தன் தனி ஆல்பத்தோடு பத்திரிகைகளுக்கு அனுப்பிய கேள்வி-பதில் தாள் வழியாக, உலகத்துக்குத் தெரிந்தது. நடுவில் ஆறு மாதத்துக்கும் மேல், இல்லாத ஒரு குழுவின் புது ஆல்பத்தை லட்சக்கணக்கான பேர் இருக்கிற குழுவின் ஆல்பமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிரிவுச் செய்தி ரசிகரை இப்படித்தான் தாக்குகிறது: முன்தேதியிட்டு. இனிமேல் கிடைக்கப் போகும் பாட்டுகள் போவதோடு நிற்பதில்லை, ஏற்கனவே அனுபவித்த சந்தோஷத்தின் மேலும் சந்தேகம் விழுகிறது. அந்தச் சிரிப்பு நிஜமா? அந்தக் கச்சேரியில் தோளில் கை போட்டது கேமராவுக்காகவா? ஓடிப்போய்ப் படங்களைத் திறக்கிற பைத்தியக்காரத்தனம் இங்கிருந்துதான் வருகிறது. ரசிகர் துப்பறிவாளர் ஆகிவிடுகிறார். பாட்டு சாட்சியாகிவிடுகிறது.

துப்பறிவாளருக்குக் குற்றவாளி வேண்டும். மூன்றாம் ஆள் ஒருவர் வந்து குடியைக் கெடுத்தார் என்பது எல்லோருக்கும் பிடித்த கதை. அந்த ஆள் ஒரு பெண்ணாக இருந்துவிட்டால் கதை இன்னும் வேகமாகப் பரவும். ஜான் லெனனின் மனைவி யோகோ ஓனோ இந்தப் பழியை அரை நூற்றாண்டு சுமந்தார். 1969 ஜனவரியில் பீட்டில்ஸ் ஒத்திகை பார்ப்பதைப் படமெடுத்ததில் சுமார் 60 மணி நேரக் காட்சி சேர்ந்தது. அதிலிருந்து வெட்டி 1970இல் வந்த ஆவணப்படம் ஏறக்குறைய இழவு வீடு. பிரிவுச் செய்தி வந்தபின் வெளியானதால் ஒவ்வொரு முகச்சுளிப்பும் முன்னறிகுறியாகத் தெரிந்தது. அதே காட்சிகளை எடுத்து, பீட்டர் ஜாக்சன் 2021இல் ஏறத்தாழ எட்டு மணி நேரத் தொடராக்கினார். அதில் அவர்கள் கிண்டலடிக்கிறார்கள், டீ குடிக்கிறார்கள், கோணல் குரலில் பாடிச் சிரிக்கிறார்கள். யோகோ பெரும்பாலும் ஜானின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார், பத்திரிகை படிக்கிறார். ஜனவரி 10 அன்று ஜார்ஜ் குழுவை விட்டுக் கிளம்பிப் போகிறார், சில நாளில் திரும்பி வருகிறார். அதாவது சண்டையும் உண்மை, சிரிப்பும் உண்மை. எந்த வீட்டில்தான் ஒன்று மட்டும் இருக்கிறது? ஐம்பது வருடம் கழித்து அதைப் பார்த்த வயதான ரசிகர்கள் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டதற்குக் காரணம், தாங்கள் அன்று கேட்ட சிரிப்பு பொய்யில்லை என்று தெரிந்ததுதான்.

பீட்டில்ஸ் பிரிந்ததற்கான காரணங்களை வரிசையாக வைத்தால் அவற்றில் மர்மம் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் கட்டி மேய்த்த மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் 1967 ஆகஸ்டில் இறந்தார். அவர் இடத்துக்கு ஆலன் கிளைனைக் கொண்டுவர மூன்று பேர் விரும்பினார்கள், பால் தன் மனைவி வீட்டாரை விரும்பினார். குழுவின் சொந்த நிறுவனம் பணத்தைக் கரைத்துக்கொண்டிருந்தது. 1970 டிசம்பர் 31 அன்று கூட்டாண்மையைக் கலைக்கச் சொல்லி பால் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார், மற்ற மூவரும் எதிர்த்தரப்பு. சட்டப்படி எல்லாம் முடிய 1975 ஆகிவிட்டது. ரசிகர் நட்பு என்று பார்த்தது, காகிதத்தில் ஒரு கூட்டுத் தொழில்.

இந்த முரண் இன்னும் பச்சையாகத் தெரிவது த ஸ்மித்ஸ் விஷயத்தில். 1987இல் உடைந்த ஆங்கிலேய ராக் குழு. பாடகர் மோரிஸ்ஸியும் கித்தார்காரர் ஜானி மாரும் ஆளுக்கு 40 விழுக்காடு எடுத்துக்கொண்டார்கள். பேஸ் வாசித்த ஆண்டி ரூர்க்குக்கும் டிரம்ஸ் வாசித்த மைக் ஜாய்ஸுக்கும் ஆளுக்கு 10. பாட்டு எழுதியதற்கான ராயல்டி இதில் சேராது, அது எழுதியவர்களுக்கே. பதிவிலிருந்தும் கச்சேரியிலிருந்தும் வந்த பணத்தைப் பங்கிட்டதில்தான் தகராறு. ஜாய்ஸ் வழக்குப் போட்டார். 1996இல் நீதிமன்றம் கேட்ட கேள்வி எளிமையானது: 10 விழுக்காட்டுக்கு இவர் ஒப்புக்கொண்டதாக ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் 1890ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி எல்லோருக்கும் சம பங்கு. ஜாய்ஸுக்கு 25 விழுக்காடு கிடைத்தது. அந்த ஆல்பங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பு உள்ளே போக நேரமெடுத்தது. தனிமையைப் பற்றி இவ்வளவு மென்மையாகப் பாடிய குழுவுக்குள் இப்படி ஒரு பங்குக் கணக்கா? ஆனால் இதில் ரசிகர் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. டிரம்ஸ் வாசித்தவருக்கு அது வேலை. நமக்குத் தொட்டால் உடைகிற கண்ணாடி, அவருக்கு வீட்டு வாடகை.

தனியே பிரித்து ஆராயும் வெறி நமக்கும் தெரியாததல்ல. விஸ்வநாதன்-ராமமூர்த்தி 1965இல் பிரிந்த பிறகு, இது யார் போட்ட மெட்டு, அந்த வயலின் யாருடைய யோசனை என்று பங்கு பிரித்துக்கொண்டே தலைமுறைகள் போய்விட்டன. 1995இல் இருவரும் ஒரு படத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள். அதற்குள் கேட்டவர்களின் காது மாறியிருந்தது.

இவ்வளவு வலி இருந்தும் அதை வெளியே சொல்ல முடியாது என்பதுதான் அடுத்த சிக்கல். 1996 பிப்ரவரி 13 அன்று டேக் தட் குழு கலைவதாக அறிவித்தபோது, பிரிட்டனில் அழுத ரசிகைகளுக்காகத் தொலைபேசி உதவி எண்கள் ஏற்பாடு செய்யப்பட்டன. இன்றுவரை அது நகைச்சுவைத் துணுக்காகத்தான் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. பிடித்த அணி தோற்றதற்கு ஒரு நடுத்தர வயது ஆண் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால் அவர் தீவிர ரசிகர். பதினாலு வயதுப் பெண் அழுதால் பைத்தியம். கென்னத் டோக்கா என்ற அறிஞர், சமூகம் துக்கம் என்று ஒப்புக்கொள்ளாத துக்கத்துக்கு 1989இல் ஒரு தனிப் பெயரே கொடுத்து ஆராய்ந்தார். யாரும் விசாரிக்க வர மாட்டார்கள், விடுப்புக் கேட்க முடியாது, முகத்தை ஒழுங்காக வைத்துக்கொண்டு நடமாட வேண்டும், அதனாலேயே ஆற நாளாகும். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, நேரில் பார்த்தேயிராத பிசிராந்தையாருக்கும் பக்கத்தில் ஓர் இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான். அவரும் வந்து அமர்ந்தார். நேரில் காணாத நட்பு நமக்கும்தான். ஆனால் நமக்கு இடம் போட்டு வைப்பவர் யாரும் இல்லை.

பதினாலு வயது என்றேனே, அதுவும் தற்செயல் இல்லை. வயதானவர்களிடம் வாழ்க்கையில் நினைவிருப்பதைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறைய பத்திலிருந்து முப்பது வயதுவரை நடந்தவை மற்ற காலத்தைவிடக் கூடுதலாக வரும் என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. இசையும் அப்படியே. அந்த வயதில் கேட்டது ஒட்டிக்கொள்கிறது. குழு இருக்கும்வரை அந்த வயதும் எங்கோ திறந்து கிடப்பதாக ஒரு பிரமை. ஒரு நாள் அறிக்கை வருகிறது. அப்போதுதான் தன் வயதைக் கூட்டிப் பார்க்கிறார் ரசிகர்.

முடிவுகள் எல்லாம் ஒரே மாதிரி வலிப்பதில்லை. ஆர்.இ.எம். குழு 31 வருடம் கழித்து, 2011 செப்டம்பர் 21 அன்று, சண்டை சச்சரவு இல்லாமல் கடையைச் சாத்தியது. அவர்களுடைய டிரம்ஸ்காரர் பில் பெரி 1997இலேயே விலகியவர். தான் போவதால் குழு கலைவதாக இருந்தால் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டு விலகியவர். இப்படிப்பட்ட ஆட்கள் பிரிந்தால் ரசிகருக்கு அழுகை வரும், குமைச்சல் வராது. ஸ்வீடனின் அபா குழு அறிக்கையே விடவில்லை. குழுவிலிருந்த இரண்டு தம்பதிகளும் விவாகரத்தானார்கள். முன்னாள் கணவர் எழுதிய பிரிவுப் பாட்டை முன்னாள் மனைவியே பாடினார், 1980இல். அதற்கு மேல் உலகுக்கு என்ன அறிக்கை வேண்டும்? 1982 கடைசியோடு மெல்ல மறைந்துபோனார்கள். அண்ணன் தம்பி இருவரை மையமாகக் கொண்ட பிரிட்டிஷ் குழுவான ஒயாசிஸ் நேர்மாறு: 2009 ஆகஸ்ட் 28 அன்று, பாரிஸில், மேடையேற வேண்டிய நேரத்தில், மேடைக்குப் பின்னால் அண்ணன் தம்பி சண்டை. கித்தார் உடைந்தது. அன்றிரவே அண்ணன் விலகினார்.

இவற்றில் கொடூரமானது சண்டை என்று பலர் நினைக்கலாம். என்னைக் கேட்டால் "இடைவேளை" என்ற சொல்தான். காணாமல்போன ராணுவ வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த பாலின் பாஸ், இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பு எப்படி ஆளை அப்படியே உறைய வைக்கிறது என்று எழுதினார். அந்தக் குடும்பங்களின் வலியோடு பாட்டு ரசிகரின் வலியை ஒரே தராசில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆனால் உறைந்து நிற்பதன் வடிவம் பழக்கமானதுதான். ஒன் டைரக்‌ஷன் குழுவிலிருந்து 2015 மார்ச்சில் ஸெய்ன் மாலிக் போனார். ஆகஸ்டில் மற்ற நால்வரும் இடைவேளை என்றார்கள். முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே ரசிகைகள் காத்திருந்தார்கள், படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகி, ஒரு மூலையில் காத்துக்கொண்டே. 2024 அக்டோபர் 16 அன்று லியாம் பெய்ன் 31 வயதில் இறந்தார். அன்று அவர்கள் இரண்டு இழவுக்குச் சேர்த்து அழுதார்கள். கொரியக் குழுவான பிடிஎஸ் விஷயத்தில் அதே சொல்லுக்குப் பங்குச் சந்தையே விலை போட்டது. 2022 ஜூனில் அவர்கள் இடைவேளை எடுப்பதாகச் செய்தி வந்ததும் அவர்களை நிர்வகிக்கும் ஹைப் நிறுவனப் பங்கின் விலை ஒரே நாளில் கால்வாசி சரிந்தது. தனித்தனி வேலைகளோடு குழுவும் தொடரும் என்று நிறுவனம் விளக்கம் கொடுத்துப் பார்த்தது.

மறுபடி சேர்வதைப் பற்றி இரண்டு காட்சிகள். 2005 ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க். பிங்க் ஃபிலாய்ட் குழுவின் ரோஜர் வாட்டர்ஸும் டேவிட் கில்மரும் 24 வருடத்துக்குப் பிறகு ஒரே மேடையில், நடுவில் குழுவின் பெயருக்காக வழக்கறிஞர்கள் மோதிய கதை எல்லாம் உண்டு. நாலு பாட்டு வாசித்தார்கள். முடிந்ததும் கில்மர் இறங்கப் போக, வாட்டர்ஸ் கையசைத்துக் கூப்பிட, நால்வரும் தோள் சேர்த்து நின்றார்கள். 2008இல் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் இறந்துவிட்டதால் அந்தக் கணக்கு அத்தோடு முடிந்தது. இன்னொன்று 2025 ஜூலை 4, கார்டிஃப். ஒயாசிஸ் சகோதரர்கள் கை கோத்துக்கொண்டு, கோத்த கையை உயர்த்தியபடி மேடைக்கு வந்தார்கள். ஒரு சுரம்கூட வாசிக்கும் முன்பே பெரிய பெரிய ஆட்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டுக்கு அழுதார்கள் என்று சொல்ல முடியாது, பாட்டுகளைத்தான் பதினாறு வருடமும் கேட்டுக்கொண்டிருந்தார்களே. அழுதது அந்தக் கைகளுக்கு. அந்தச் சுற்றுப்பயணத்தில் புரண்ட பணத்தை நினைத்தால் கைகோத்ததில் எவ்வளவு அன்பு, எவ்வளவு கணக்கு என்று கேட்கத் தோன்றும். கேட்கலாம். கேட்டுக்கொண்டே அழவும் செய்யலாம்.

என் குழு இன்னும் சேரவில்லை. பாடகர் இரண்டு தனி ஆல்பம் போட்டுவிட்டார், நல்ல பாட்டுகள். கித்தார்காரர் வேறு யார் யாருக்கோ வாசிக்கிறார். வருடத்துக்கு ஒரு தடவையாவது அவர்களின் கடைசி ஆல்பத்தை ஹெட்போனில் கேட்கிறேன். ஆறாவது பாட்டு தொடங்கும் முன், டிரம்ஸ் குச்சி தட்டி எண்ணுவதற்குச் சற்று முன்பாக, ஒலிப்பதிவில் அழிக்காமல் விட்ட இரண்டு நொடி உண்டு. பாடகர் ஏதோ முணுமுணுக்கிறார், யாரோ சிரிக்கிறார்கள். சத்தத்தைக் கூட்டி வைத்து, வலது காதை மட்டும் அழுத்திக்கொண்டு, பின்னுக்குத் தள்ளித் தள்ளிக் கேட்டிருக்கிறேன். என்ன சொல்கிறார் என்று இதுவரை பிடிபடவில்லை. சிரிப்பது கித்தார்காரர் என்றுதான் நினைக்கிறேன்.